பொருந்தாததை வெட்டுக

பினாங்கு,
2.6.1986, திங்கட்கிழமை

கமலாம்பிகைக்கு,

சனிக்கிழமை காலை நான் பசாருக்குப் போய் வருவதற்குள் ஒரு துண்டுச் சீட்டை அரிசி டின்மேல் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாய். 'பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன்.' மூன்றே சொல். தேதி இல்லை, கையெழுத்து இல்லை. துறைமுக ஆபீசில் முப்பத்தோரு வருடம் காகிதம் எழுதிக் கிராணியாக இருந்தவனுடைய மகள் எழுதுகிற லட்சணமா இது? சுங்கை பாக்காப் ஒன்றும் தூரமில்லை. ஃபெரியில் ஏறி, பட்டவொர்த்தில் பஸ் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். ஆனால் நான் வரப்போவதில்லை. அதனால்தான் தபால்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உனக்கு மறந்துபோயிருக்கலாம்.

மே 24ஆம் தேதி சங்க மண்டபத்தில் உனக்குப் பிரியாவிடை விருந்து வைத்தேன். இருநூற்றிருபது பேர் வந்தார்கள். இங்கிலாந்தில் ஆஷ்மியர் கல்லூரியில் மெட்டீரியல்ஸ் இஞ்சினியரிங் படிக்கப் போகிற பெண் என்று மேடையில் உன்னை நிறுத்தி மாலை போட்டார்கள். டாக்டர் வீட்டு அம்மா எடின்பரோவில் தான் போட்டிருந்த கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து உன் தோளில் போர்த்திவிட்டார். நீயும் சிரித்துக்கொண்டு படத்துக்கு நின்றாய். சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் செயலாளர் என்ற முறையில் என் கையாலேயே செய்தி எழுதிக் கண்ணாடிக்குள் ஒட்டினேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

நாலு நாள் கழித்து நம் நாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து பழுப்பு உறை வந்தது. ஈப்போ கிளையில் உனக்கு இடமாம். உறையைப் பிரித்த கையோடு, "நான் இங்கிலாந்துக்குப் போகலப்பா, ஈப்போவுக்குத்தான் போறேன்" என்கிறாய். அங்கேயும் அதே படிப்புத்தானே? இங்கிலாந்துக்கு என்று மாலை போட்டு நிறுத்தினவளை ஈப்போ பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்கிறாயா?

நேற்றுக் கோயிலில் ஐயாத்துரை எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன விஸ்வம், பிள்ளைக்கு எப்போ ஃபிளைட்?" சங்கத் தலைவர் கேட்கிறார், பதில் சொல்ல வேண்டாமா? ஆகஸ்டில் என்றேன்.

அந்த உறையோடு வந்த ஈப்போ படிவத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். இப்போது எழுத்திலும் சொல்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக்கு வந்து சேர். கோட்டு உன் அறைக் கதவில் தொங்குகிறது. 

இப்படிக்கு,
ச. விஸ்வலிங்கம்


சுங்கை பாக்காப்,
5.6.1986, வியாழன்

■■■■■■ அப்பாவுக்கு,

தேதி போட்டுவிட்டேன். கீழே கையெழுத்தும் இருக்கும். ஃபைலில் கோத்துக்கொள்ளுங்கள்.

அந்த விருந்து எனக்கா வைத்தீர்கள்? பல்கலைக்கழக முடிவு வரட்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று மார்ச்சிலும் சொன்னேன், ஏப்ரலிலும் சொன்னேன். "நம்ம பிள்ளைங்களுக்கு அவங்க எங்க குடுக்கப்போறாங்க" என்றீர்கள். கொடுத்துவிட்டார்கள். படிவத்தில் எட்டு இடம் எழுதச் சொன்னதில் நான் முதலாவதாக எழுதியதையே கொடுத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு வீட்டில் சந்தோஷப்படாத ஆள் நீங்கள் ஒருவர்தான். அம்மா போய் ஆறு வருடமாக அந்த வீட்டில் இருப்பதும் நாம் இரண்டு பேர்தான்.

சிரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மே மாத வெயிலில் கம்பளிக் கோட்டைப் போர்த்தி, படமெடுக்கிறவர் சிரிம்மா சிரிம்மா என்றால் என்ன செய்வது? முதுகில் வியர்வை ஓடியது. அன்றைக்கே மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் கோழைத்தனம், ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டும் ஒரே படிப்புத்தானே என்கிறீர்கள். எனக்கு இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று ஒருநாளாவது கேட்டீர்களா? பரீட்சை முடிந்து ஐந்து மாதம் பாயான் லெப்பாஸ் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தேனே, அங்கேதான் வந்தது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி, நகத்தளவு கறுப்புச் சில்லு. அடுப்பில் போய்வந்தால் நூற்றுக்குப் பத்து வெடித்திருக்கும். எல்லாம் ஒரே மூலையில்தான் வெடித்திருக்கும். சூப்பர்வைசரிடம் காட்டினேன். "ரிஜெக்ட் லா, தூக்கிப் போடு. உன் வேலை எண்ணுறது மட்டும்தான்" என்றார். எண்ணினேன். ஆனால் ஏன் அந்த மூலை என்ற கேள்வி சோறு சாப்பிடும்போதும் கூட இருந்தது. அங்கே இஞ்சினியராக இருந்த அர்ஜுனன்தான், அதைக் கற்றுக்கொடுக்கிற படிப்பு ஒன்று இருக்கிறது தங்கச்சி என்றார்.

அதனால்தான் இரண்டு இடத்துக்கும் நானே கடிதம் போட்டேன். மாணவர்கள் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைத் தொடலாமா, எந்த வருடத்தில் தொடலாம், உடைந்த பொருளைக் கையில் கொடுத்துக் காரணம் கேட்பார்களா என்று கேட்டேன். ஆஷ்மியரிலிருந்து கலர்ப் புத்தகம் ஒன்று வந்தது. புல்வெளி இருந்தது, ஆற்றங்கரையில் வாத்து இருந்தது. மைக்ராஸ்கோப் பக்கத்து ஊர்க் கல்லூரியில் இருக்கிறதாம், வருடத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டுவார்களாம். ஈப்போவிலிருந்து ஒரு விரிவுரையாளர் கையாலேயே இரண்டு பக்கம் எழுதினார். மெஷின் புதுசு, முதல் வருடத்திலிருந்தே தொடலாம், நம்பாவிட்டால் நேரில் வந்து பார் என்றார். போய்ப் பார்த்தேன். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ஓவர்டைம் என்று உங்களிடம் சொன்னேனே, அன்றைக்கு. உடைந்த பற்சக்கரம் ஒன்றைக் கையில் கொடுத்து, எங்கிருந்து உடையத் தொடங்கியது சொல் என்றார். சொன்னேன். சரி என்றார். அன்றைக்கு இருந்த சந்தோஷம் உங்கள் விருந்தில் இல்லை.

ஆஷ்மியர் பட்டத்தை இங்கே இஞ்சினியர் பட்டமாக ஏற்றுக்கொள்வார்களா என்று கோலாலம்பூரில் பொறியாளர் வாரியத்துக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதிலை எதிர்பார்க்கிறேன்.

படிவம் என்னிடம் இருக்கிறது. 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஈப்போ கிளை ஆபீஸ் கவுண்டரில் கொடுக்காவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை நான் வரப்போவதில்லை. வந்தால் படிவத்தைப் பிடுங்கிக்கொள்வீர்கள்.

கமலாம்பிகை


பினாங்கு,
11.6.1986, புதன்கிழமை

கமலாம்பிகைக்கு,

ஹரி ராயா விடுமுறையில் தபால் நிலையம் மூடிக் கிடந்தது. இல்லாவிட்டால் இந்தக் கடிதம் இன்னும் சூடாக வந்திருக்கும்.

பொய் சொல்லிவிட்டு ஈப்போவுக்குப் போனாயா? உனக்கு அன்றைக்கு மீன் பொரித்து மூடி வைத்துவிட்டு, ஃபேக்டரி பஸ் வந்து நிற்கிற இடத்தில் ஏழு மணிவரை நின்றேன். பஸ் வந்தது, நீ இல்லை. கொலம்பர் தெருப்பக்கம் தோழி வீட்டுக்குப் போயிருப்பாய் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது மூச்சுவிடாமல் அதையும் ஒரு வீரச் செயலாக எழுதுகிறாய்.

உன் கடிதத்தைப் பற்றி ஒன்று. 'அப்பாவுக்கு' என்பதன் முன்னால் ஒரு சொல்லை எழுதி, மையைப் பூசி மெழுகிவிட்டாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. இதைத்தானா உனக்குப் பத்து வயதில் சொல்லிக்கொடுத்தேன்? தப்பாக எழுதினால் ஒரே கோடாக வெட்ட வேண்டும். கீழே இருக்கிற சொல் வாசிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் முதலெழுத்தும் தேதியும் போட வேண்டும். அவசரத்தில் சரியான சொல்லையே வெட்டிவிட்டால், அதன் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து முதலெழுத்துப் போட்டால் போதும், வெட்டினது செல்லாது, சொல் நிற்கும். மையைப் பூசுகிறவன் எதையோ ஒளிக்கிறான் என்றுதான் எங்கள் ஆபீசில் எடுத்துக்கொள்வோம். என்ன சொல் அது?

ஆஷ்மியரைப் பற்றி வாத்து, புல் என்று கேலி செய்கிறாய். உன் சற்குணம் சித்தப்பா அங்கே இருபது வருடமாக இருக்கிறான். அவன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கல்லூரி. அவன் போய்ப் பேசி வாங்கின இடம். வயதுக்கு வந்த பெண்ணை யாரும் தெரியாத ஊரில் விடச் சொல்கிறாயா? ஈப்போவில் நமக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு மைக்ராஸ்கோப் இருக்கிறது.

வாரியத்துக்கெல்லாம் நீ எழுத வேண்டிய அவசியம் என்ன? அரசாங்க ஆபீஸ் எனக்குத் தெரியும். அவர்கள் பதில் போட ஆறு மாதம் ஆகும். அதை நம்பிக்கொண்டு இருக்காதே.

இந்த நாட்டில் நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்காது என்று நான் சொன்னது தப்புத்தான். கிடைத்துவிட்டது. ஆனால் எத்தனை பிள்ளைகள் நல்ல மார்க் வைத்துக்கொண்டு பழுப்பு உறைக்குக் காத்துக் காத்து, கடைசியில் கடையில் கணக்கெழுதப் போனதை நான் பார்த்திருக்கிறேன்? அந்தப் பயத்தில்தான் முந்திக்கொண்டேன். உன் அம்மா இருந்திருந்தால் இது உனக்குப் புரியும்படி சொல்லியிருப்பாள். எனக்குச் சொல்ல வராது, கத்தத்தான் வரும்.

கையெழுத்துப் போட மாட்டேன். இது முடிவு.

ச. விஸ்வலிங்கம்


சுங்கை பாக்காப்,
14.6.1986, சனிக்கிழமை

அப்பாவுக்கு,

வாரியத்தின் பதில் நேற்று வந்துவிட்டது. ஆறு மாதம் ஆகவில்லை, எட்டு நாள்தான் ஆனது. ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று கடிதமே சொல்கிறது. அவர்கள் புதிதாக ஒன்றும் தேட வேண்டியிருக்கவில்லை. தமிழில் எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை:

'தாங்கள் குறிப்பிடும் கல்லூரியின் சான்றிதழ் இந்நாட்டில் பொறியாளராகப் பதிவு செய்வதற்கு ஏற்கப்படுவதில்லை. இதே விவரத்தைக் கேட்டு, தாங்கள் நிரந்தர முகவரியாகக் குறிப்பிட்டுள்ள பினாங்கு வீட்டிலிருந்து எழுதிய திரு. ச. விஸ்வலிங்கம் அவர்களுக்கு ஏப்ரல் 29ஆம் தேதியே பதில் அனுப்பியுள்ளோம்.'

பெரியம்மா பள்ளிக்கூடத்தில் பாடம் முடித்து வரும்வரைக்கும் நான் இதைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். அப்பாவுக்குத் தெரியும் பெரியம்மா, எல்லாம் தெரியும் என்றேன். அவரும் வாசித்துவிட்டுக் கோப்பி கலக்கப் போய்விட்டார்.

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது! விருந்துக்கு இருபத்தைந்து நாள் முன்னாலேயே போட்ட கடிதம். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே நான் இஞ்சினியராக முடியாது என்று தெரிந்துகொண்டே என்னை மேடையில் ஏற்றி மாலை வாங்க வைத்தீர்கள். தெரிந்துகொண்டே பலகையில் எழுதி ஒட்டினீர்கள். போன கடிதத்தில்கூட, அவர்கள் பதில் போட ஆறு மாதம் ஆகும் என்று எழுதினீர்களே, அப்போது அந்தப் பதில் உங்கள் அலமாரியில் இருந்தது. ஃபைல் நம்பர் போட்டு, ஓட்டை குத்தி, கோத்துத்தானே வைத்திருப்பீர்கள்?

நான் சொன்ன பொய் ஒரு சனிக்கிழமைப் பொய். மீன் ஆறிப்போனது. நீங்கள் செய்ததில் என் மூன்று வருடம் போயிருக்கும். திரும்பி வந்து மறுபடியும் பாயான் லெப்பாஸில் உட்கார்ந்து ரிஜெக்ட் எண்ணிக்கொண்டிருப்பேன், இங்கிலாந்துக் கோட்டு கதவில் தொங்கும். யாருக்காக அப்பா? ஐயாத்துரைக்காகவா?

கேட்டீர்களே, மை பூசின சொல் என்ன என்று. 'அன்புள்ள' என்று எழுதினேன். அதைத்தான் மெழுகினேன். இந்தத் தடவை எழுதவே இல்லை, உங்களுக்கும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற வேலை மிச்சம்.

இப்போது படிவத்தைப் பற்றி. கையெழுத்துப் போடுகிற இடத்தில் மலாயில் இப்படி அச்சிட்டிருக்கிறது: தந்தை / காப்பாளர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: பொருந்தாததை வெட்டுக. இத்தனை நாள் 'காப்பாளர்' என்பதை வெட்டத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை, 19ஆம் தேதி, கடைசி பஸ் போகும்வரை பார்ப்பேன். நீங்கள் வரவில்லை என்றால் 'தந்தை' என்பதை வெட்டிவிடுவேன். பெரியம்மா காப்பாளர் என்று கையெழுத்துப் போடுவார். வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் ஈப்போவுக்குப் போய்விடுவேன். அதன் பிறகு உங்களுக்கு எழுத எனக்கு ஒன்றும் இருக்காது.

கமலாம்பிகை


பினாங்கு,
16.6.1986, திங்கட்கிழமை

கமலாம்பிகைக்கு,

ஆமாம், தெரியும்.

மே 2ஆம் தேதி காலை பத்து மணிக்கு வாரியத்தின் கடிதம் வந்தது. வாசலில் நின்றபடியே இரண்டு தடவை வாசித்தேன். பதினொரு மணிக்குள் குவீன் தெருவிலிருந்து அச்சகத்துச் சிக்கந்தர் சைக்கிளில் வந்துவிட்டார், பின்னால் அழைப்பிதழ்க் கட்டு. தங்க எழுத்து, நடுவில் உன் பெயர், அதற்குக் கீழே இங்கிலாந்து. "நல்லாப் பாத்துக்குங்கண்ணே. தப்பு ஏதும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க, மாத்தி அடிச்சிரலாம்" என்றார். சட்டைப் பையில் அந்தக் கடிதம் இருந்தது. தப்பு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அதுதான் நடந்தது. முப்பத்தோரு வருடத்தில் தப்பு என்று தெரிந்த ஒரு காகிதத்தைக்கூட நான் கையைவிட்டு அனுப்பினது கிடையாது.

சற்குணத்துக்கு எழுதினேன். வேறு கல்லூரிக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், முதலில் அனுப்பிவை என்று பதில் போட்டான். எப்படி மாற்றுவது, எந்தக் கல்லூரி என்று எழுதவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் அவன் முடியாது என்று சொல்லிவிடுவான் என்று பயந்தேன்.

யாருக்காக என்று கேட்டாய். பதினாலு வருடமாக நான் சங்கத்துச் செயலாளர். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளின் அறிவிப்பைப் பலகையில் எழுதுவது நான். விருந்துக்கு உறை எழுதுவது நான். ஐயாத்துரையின் இரண்டு பையன்களுக்கும் நான்தான் எழுதினேன். பத்தொன்பது பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறேன், எல்லாம் மற்றவர்கள் பெற்றது. விருந்தில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, நாற்காலிகளை எண்ணிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவேன். இருபதாவதாக உன் பெயரை எழுதினேன். எழுதும்போது தெரிந்தும் எழுதினேன், சந்தோஷமாகவும் இருந்தது. இதற்கு மேல் உன்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை.

அதற்காக நீ என்னைத் திருடனைப் பிடித்த மாதிரி எழுதியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு வருடம் தலை பின்னிவிட்டிருக்கிறேன். கோணல் வகிடு என்று பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள் என்று அழுதுகொண்டு வருவாய், மறுநாள் மறுபடியும் பின்னுவேன். ஒரு காகிதத்தில் என்னைப் பொருந்தாதவன் என்று வெட்டப்போகிறாயாம். அதையும் தேதி போட்டு முன்கூட்டியே அறிவிக்கிறாய். இந்தத் திமிர் யாரிடமிருந்து வந்தது என்று கேட்க மாட்டேன், தெரியும்.

மன்னிப்பு எழுத எனக்கு வராது. மூன்று தாள் கிழித்துப் பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை நான் அங்கே வந்து பெரியம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? நான் வருவேன் என்று எதிர்பார்க்காதே. உனக்குச் செய்யத் தோன்றுவதைச் செய்.

ஒன்று மட்டும். வெட்டுவதானால் ஒரே கோடாக வெட்டு. மையைப் பூசாதே.

ச. விஸ்வலிங்கம்


ஈப்போ,
3.7.1986, வியாழன்

~~அன்புள்ள~~ (வி.க. 3.7.86) அப்பாவுக்கு,

மேலே முதல் சொல்லை எழுதிவிட்டு வெட்டியிருக்கிறேன். ஒரே கோடுதான். முதலெழுத்தும் தேதியும் பக்கத்தில் இருக்கின்றன. கீழே இருக்கிற சொல் உங்களால் வாசிக்க முடியும்.

கோபம் தீர்ந்து எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தீரவில்லை. விடுதியில் பக்கத்துக் கட்டில் பெண், உன் அப்பா எப்படி என்று கேட்டாள். வாயைத் திறந்தால் நிறுத்த மாட்டேன் என்று, பிறகு சொல்கிறேன் என்றேன்.

உங்கள் கடிதம் புதன்கிழமை மத்தியானம் வந்தது. வியாழக்கிழமைவரை பொறுப்பேன் என்று எழுதியிருந்தேன், பொறுக்கவில்லை. வர மாட்டேன் என்று நீங்கள் எழுதியிருந்ததை வாசித்த சூட்டிலேயே படிவத்தை எடுத்து வெட்டிவிட்டேன்.  பெரியம்மாவிடம் பேனாவை நீட்டினேன். "நாளைக்குக் கடைசி பஸ் வரட்டும் லா. இன்னிக்கே எனக்கென்ன அவசரம்?" என்று பேனாவை மூடி என்னிடமே கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கே நீங்கள் வந்துவிட்டீர்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிற சத்தத்திலேயே தெரிந்தது. எனக்காக அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்த பெரியம்மா, "வாங்க, உள்ள வாங்க. அவ ரூம்ல இருக்கா" என்றார். நீங்கள், "படிவம் எங்கே?" என்றீர்கள். அவ்வளவுதான் பேச்சு. கதவைத் தட்டுவீர்கள் என்று நினைத்தேன். தட்டியிருந்தாலும் திறந்திருக்க மாட்டேன், ஆனால் நீங்கள் தட்டாதது இன்னும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

படிவத்தைக் கையில் வாங்கினதும் வெட்டியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். கத்துவீர்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.  நீங்கள் பெரியம்மாவிடம் மூக்குக் கண்ணாடி கேட்டீர்கள், உங்களுடையதை எடுக்காமல் வந்துவிட்டீர்களாம். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தீர்கள். ஒரு கையெழுத்துக்கு ஏன் அவ்வளவு நேரம் என்று எனக்கு விளங்கவில்லை. கோப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள். வெளியே வந்து பார்த்தேன், மேசையில் ஒட்டின உறை இருந்தது. 'கவுண்டரில் பிரிக்கவும்' என்று மேலே எழுதியிருந்தீர்கள். பெரியம்மா, "கையெழுத்துப் போட்டுட்டாரு. நான் பார்த்தேன்" என்றார். வீம்புக்கு நானும் பிரித்துப் பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா சேலை எடுக்கப் பினாங்கு மார்க்கெட் தெருவுக்குப் போனவர், சங்கத்துப் பக்கமும் எட்டிப் பார்த்திருக்கிறார். பலகையைப் பற்றி எனக்கு எழுதினார். புது அறிவிப்பு எழுதி ஒட்டியிருக்கலாம், பழையதைக் கிழித்திருக்கலாம், நீங்கள் இரண்டும் செய்யவில்லையாம். அதே காகிதத்தில் 'இங்கிலாந்து ஆஷ்மியர் கல்லூரி' என்பதை ஒரே கோடாக வெட்டி, மேலே 'ஈப்போ' என்று எழுதி, ஓரத்தில் 'தவறு என்னுடையது, ச.வி.' என்று போட்டிருக்கிறீர்களாம். தேதி 18.6.86. புதன்கிழமை. நான் உங்களை வெட்டின அதே நாள். பெரியம்மா நின்ற நேரத்தில் ஐயாத்துரை கண்ணாடிக்கு முன்னால் கைகட்டி நின்று வாசித்துக்கொண்டிருந்தாராம். அவர் என்ன சொன்னார் என்று பெரியம்மா எழுதவில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

அந்தக் கம்பளிக் கோட்டை, டாக்டர் வீட்டு அம்மாவிடம் நீங்கள்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு நான் வரமாட்டேன். வாங்க வைத்தது நீங்கள்.

இங்கே திங்கட்கிழமை முதல் வகுப்பு. அதே விரிவுரையாளர்தான். ஃபேக்டரியிலிருந்து நான் எடுத்துவந்த வெடித்த சில்லு ஒன்றைக் காட்டினேன். ஏன் அந்த மூலை என்று அவர் சொல்லித் தரவில்லை. நீயே கண்டுபிடி, நாலு வருடம் இருக்கிறது என்றார்.

கவுண்டரில் நடந்ததையும் உங்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்றேகால் மணிக்கு என் முறை வந்தது. அப்துல் ரசாக் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த வயதான அதிகாரி. அவர் முன்னாலேதான் உறையைப் பிரித்தேன். உங்கள் கையெழுத்து இருந்தது. 'காப்பாளர்' என்பது ஒரே கோடாக வெட்டியிருந்தது. நான் வெட்டின 'தந்தை'யின் கீழே, எறும்பு போகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு புள்ளியாக வைத்து, பக்கத்தில் ச.வி. என்று போட்டிருந்தீர்கள். அவ்வளவு நேரம் அதற்குத்தான்.

பக்கத்தில் இருந்த இளவயதுக் கிராணிக்கு அது விளங்கவில்லை. இரண்டையும் வெட்டியிருக்கிறது, வேறு படிவம் எழுதி வரட்டும் என்றாள். அப்போதே மணி மூன்றரை. பெரியவர் படிவத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "இது பழைய ஆபீஸ் வழக்கம், உனக்குத் தெரியாது" என்று அவளிடம் மலாயில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "வெட்டினது யார்?" என்றார்.

நான்தான் என்றேன்.

"புள்ளி வைத்தது?"

என் அப்பா என்றேன்.

அவர் முத்திரையை எடுத்துக் குத்திவிட்டார்.

கமலாம்பிகை